வட்டிக்கு எத்தனை மொழி? குப்பம் எல்லைப் பகுதியும் மாணவர் கடனின் வரலாறும்

(நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் நெறியாளர்களும் பொறுமையுடன் படித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.)

அறை நண்பர் ஒருவர் சென்ற திங்களில் என்னிடம் 5,000 ரூபாய் கைமாற்றுக் கேட்டார். காரணம் கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னார். உதவித்தொகைத் தவணை வந்து சேரவில்லை. தேர்வுக் கட்டணத்திற்கோ மறுநாளே இறுதி நாள். கைப்பேசியில் ஒரு கடன் செயலி 5,000 ரூபாய் தருவதாகக் காட்டியது. ‘செயல்முறைக் கட்டணம்’ எனக் கழித்துக்கொண்டு அவர் கணக்கில் வந்தது 3,500 ரூபாய். ஏழாம் நாள் முழுதாக 5,000 திருப்ப வேண்டும்.

மூன்று ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குவதே குடும்பத்திற்கு இழுக்கு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் அவர். இருவரும் தாளில் கணக்கிட்டோம். 3,500 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 1,500 ரூபாய் என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 43 ரூபாய். நான்கு வாரத்தை ஒரு மாதமாகக் கொண்டால், ஊர்க்கணக்கில் அது நூற்றெழுபது ரூபாய் வட்டி. நண்பர் நெடுநேரம் பேசவில்லை.

‘இன்றைய மாணவர்களுக்கு நிதி எழுத்தறிவு இல்லை’ என்று கருத்தரங்குகளில் கேட்கும்போதெல்லாம் அந்த இரவு நினைவுக்கு வருகிறது. அவருக்குக் கணக்குத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதப்பட்டிருக்கவில்லை. அதைக் கேட்டுச் சொல்ல அருகில் ஒருவரும் இருக்கவில்லை. வர வேண்டிய பணமும் வரவில்லை. இம்மூன்றும் எப்படி நேர்ந்தன என்பதை, நாங்கள் வாழும் இவ்வெல்லைப் பகுதியின் வரலாற்றைக் கொண்டு விளங்கிக்கொள்ள முயல்கிறேன்.

1. சொற்கள்

குப்பம் ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்கள் கூடுமிடம். 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் இங்கு நிறுவப்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே ஒரு தேநீர்க் கடையிலேயே கடனுக்கு மூன்று சொற்களைக் கேட்கலாம்: தமிழில் கடன், தெலுங்கில் அப்பு, கன்னடத்தில் சால. வட்டிக்கு மட்டும் ஒரே சொல்லின் வடிவங்கள். தமிழ் ‘வட்டி’, தெலுங்கு ‘வட்டீ’, கன்னட ‘பட்டி’ ஆகியவற்றை ‘வளர்ச்சி’ எனப் பொருள்படும் வடசொல்லான ‘விருத்தி’யோடும் அதன் பிராகிருத வடிவத்தோடும் தொடர்புபடுத்துவர்.

தமிழ்க் கல்வெட்டுகளில் வட்டிக்கு வழங்கிய பழஞ்சொற்கள் பலிசை, பொலிசை என்பன. மலையாளத்தில் இன்றும் ‘பலிச’ என்பதே வழக்கு. ‘பொலியூட்டு’ என்ற சொல் இன்னும் நுட்பமானது. முதல் அழியாமல் நிற்க, அதன் விளைவைக் கொண்டு மட்டும் ஓர் அறத்தை நடத்துமாறு விடப்பட்ட பொருளைக் குறிப்பது அது. தமிழில் ‘கடன்’ கடமையையும் குறிக்கும். காலைக்கடன், நீத்தார்கடன் என்கிறோம். தெலுங்கு ‘அப்பு’வில் அந்தப் பொருள் இல்லை. வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் ஊருக்கும் இடையிலான ஒழுக்கமாகவே கடன் நெடுங்காலம் எண்ணப்பட்டது என்பதற்குச் சொல்லே சான்று.

2. மாணவர் உணவும் கோயில் முதலும்

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு 340 மாணவர்களையும் 14 ஆசிரியர்களையும் கொண்ட ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. 270 பேர் இளநிலையினர். 70 பேர் மேல்நிலையினர். அவர்களுக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல் நிலைக்கு ஏற்ப வகுக்கப்பட்டு, அதற்கெனத் தனி வருவாயும் ஒதுக்கப்பட்டிருந்தது. மாணவர் வருவதற்கு முன்பே அவர் உணவுக்கான வழி கல்லில் வெட்டப்பட்டுவிட்டது.

இதைப் பொற்காலமாக்கிப் போற்ற நான் விரும்பவில்லை. அங்கே கற்றவர்கள் வேதமும் சாத்திரமும் பயிலும் உரிமை பெற்றிருந்த பிராமண ஆடவர் மட்டுமே. உழுது நெல் அளந்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்: கல்விக்கான பணம் மாணவரை நோக்கி முன்கூட்டியே வருமாறு அந்த ஏற்பாடு அமைந்திருந்தது.

முன்பு நம் மாவட்டத்தில் இருந்த திருமலையின் கல்வெட்டுகளும் இங்குக் கருதத்தக்கன. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விசயநகரக் காலத்தில் கொடையாளர்கள் கோயில் பண்டாரத்தில் செலுத்திய பணம், கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிடப்பட்டது. அதனால் கூடிய விளைச்சலைக் கொண்டு கட்டளைகள் நடைபெற்றன. பர்ட்டன் ஸ்டெயின் 1960இல் எழுதிய கட்டுரை இதனை விரிவாக விளக்குகிறது. சேமிப்பு பெட்டியில் உறங்காமல் நீராகி, நெல்லாகிப் பயன் தந்தது.

ஏறத்தாழ அதே இடைக்காலத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் மாணவர் கடனுக்கென்றே ஓர் அமைப்புத் தோன்றியது. 1240இல் லிங்கன் பேராயர் இராபர்ட் குரோசடெஸ்ட் ஏற்படுத்திய புனித ஃபிரைட்ஸ்வைட் பேழை அது. ஒரு பெட்டியில் பணம் இருக்கும். ஏழை மாணவர் நூலையோ வேறு பொருளையோ அடகு வைத்து வட்டியின்றிக் கடன் பெறலாம். திருப்பாவிடில் அடகு விற்கப்படும். பிற்காலத்தில் இத்தகைய பேழைகள் பல அங்குத் தோன்றின. நகரத்து வட்டிக்கடைக்கு மாணவர் போகாதிருக்கப் பல்கலைக்கழகமே பொறுப்பேற்ற முறை இது. இப்பேழையை நினைவில் கொள்க. கட்டுரையின் இறுதியில் இதற்குத் திரும்புவேன்.

3. உழவர் கடனிலிருந்து பள்ளிச் சேமிப்பு வரை

குப்பம் கங்குந்தி ஜமீனைச் சேர்ந்த ஊர். 1911 வரை வட ஆர்க்காட்டிலும், அதன்பின் புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்திலும், 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சென்னை ஆட்சியிலும் இருந்தது. எனவே கடன் குறித்துச் சென்னை மாகாணம் செய்த சட்டங்கள் எல்லாம் இவ்வூருக்கும் உரியவை.

அம்மாகாணத்தில் உழவர் கடனைத் தீர்க்க ஐரோப்பியக் கிராமிய வங்கி முறைகளை ஆராய்ந்து பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அறிக்கை அளித்தார். செர்மனியின் ரைஃபைசன் முறையை அவர் பரிந்துரைத்தார். ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர் மக்கள் கூட்டாகப் பொறுப்பேற்றுக் கடன் பெறுவது அதன் அடிப்படை. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் சங்கம் தொடங்கியது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

1930களின் விலைவீழ்ச்சி உழவரை நசுக்கியபோது, இராசாசி அமைச்சரவை 1938இல் சென்னை உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முற்பட்ட உழவர் கடன்களுக்கு, 1937 அக்டோபர் முதல் நாளில் நிலுவையாக இருந்த வட்டி தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. வட்டி முதலை விழுங்கக் கூடாது என்ற நெறி சட்டமாயிற்று. மாணவர் கடனுக்கு அத்தகைய மேல்வரம்பு இன்று வரை இல்லை என்பதை இங்குச் சுட்டிச் செல்கிறேன்.

சேமிப்பைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது சஞ்சாயிகா. 1970களிலும் 80களிலும் பள்ளியில் பயின்ற நம் ஆசிரியர் பலருக்கு இது நினைவிருக்கும். பத்துக் காசு, நான்கணா என மாணவர் செலுத்துவர், மேலாளர், காசாளர், கணக்கர் என வங்கியை நடத்துவோரும் மாணவரே, ஆசிரியர் மேற்பார்வையிடுவார். நிதி எழுத்தறிவு என்ற சொல் புழக்கத்திற்கு வருமுன்னே அதன் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அத்திட்டம் தேய்ந்து மறைந்தபோது அதற்கு ஈடாக எதுவும் கல்லூரிக்குள் நுழையவில்லை.

4. சீட்டும் குழுவும்

வங்கியை அணுகாத குடும்பங்களின் பல்கலைக்கழகம் சீட்டு. இருபது பேர் மாதம் 500 ரூபாய் கட்டினால் 10,000. அவசரம் உள்ளவர் தள்ளிக் கேட்டு முதலில் எடுப்பார். தள்ளிய தொகை மற்றவர்க்குப் பிரியும். கேட்பவருக்கு அது கடன், காத்திருப்பவருக்குச் சேமிப்பு. தமிழில் ஏலச்சீட்டு எனப்படுவது இங்குத் தெலுங்கில் ‘சீட்டி பாட்ட’. கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தைக் கணக்கிட்டுச் சீட்டில் சேரும் பெற்றோரை நான் அறிவேன். சீட்டு நடத்துபவர் ஓடிப்போன கதைகளும் உண்டு. 1982ஆம் ஆண்டு நடுவண் சீட்டு நிதிச் சட்டம் அத்தகைய அனுபவங்களின் விளைவே.

அடுத்து வந்தது மகளிர் குழு. அதன் வரலாற்றில் இவ்வெல்லைப் பகுதிக்குத் தனியிடம் உண்டு. குப்பத்திற்கு அண்மையிலுள்ள கோலார் மாவட்டத்துக் காமசமுத்திரத்தில் மைராடா நிறுவனம் 1980களில் கடன் மேலாண்மைக் குழுக்களை உருவாக்கியது. 1987இல் நபார்டு வங்கி மைராடாவின் குழுக்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கியது. 1989இல் அப்போதைய தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1992இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டம் நாடளவில் வந்தது. ஆந்திரத்தில் ‘டுவாக்ரா’ என்ற பெயரில் அது ஊர்தோறும் பரவியது.

ஆந்திர அரசு தன் வட்டித் திட்டங்களுக்கு இட்ட பெயர்கள் ஆய்வுக்குரியன. 2004இல் வந்தது ‘பாவலா வட்டி’. நூற்றுக்கு மாதம் கால் ரூபாய், அதாவது ஆண்டுக்கு 3 விழுக்காடு. (தமிழில் ‘பாவலா’ என்றால் பாசாங்கு, இங்குள்ள தமிழ்ப் பெண்கள் அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.) பின்னர் வந்தது ‘சுன்னா வட்டி’, சுழிய வட்டி. இரண்டுமே ஊர் பேசும் மொழியில் வட்டியைச் சொன்னவை. என் தாயாரின் டுவாக்ரா குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அவர் செலுத்த வேண்டியது எவ்வளவு என்பது எனக்கு ஒரு நொடியில் விளங்கும்.

குழுவிற்கும் இருண்ட பக்கம் உண்டு. 2010இல் ஆந்திரத்தில் குறுங்கடன் நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்குப் பல கடன்களைச் சுமத்தின. வாராவாரம் வசூலிக்கக் குழுவின் நாணத்தையே கருவியாக்கின. தற்கொலைகள் நிகழ்ந்தன. அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அண்டை வீட்டார் அறிந்திருப்பது காப்பாகவும் இருக்கலாம், கழுத்தை நெரிக்கும் கயிறாகவும் ஆகலாம் என்பதற்கு அது சான்று.

5. உதவித்தொகை கடனான கதை

இனிப் பல்கலைக்கழகத்திற்குள் வருவோம். உதவித்தொகையும் கடனும் தொடக்கம் முதலே பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. 1913இல் பரோடா மன்னரின் உதவியுடன் அமெரிக்கா சென்ற அம்பேத்கர், படித்து முடித்ததும் பத்தாண்டுகள் அவ்வரசில் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1944இல் பட்டியல் வகுப்பு மாணவர்க்குப் பள்ளிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை வந்ததற்குப் பின்னால் அவருடைய முயற்சி இருந்தது. திருப்பித் தர வேண்டாத உரிமையாக அது அமைந்தது.

1963இல் நடுவண் அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. தகுதியும் வறுமையும் உள்ள மாணவர்க்கு வட்டியில்லாக் கடன். ஆசிரியப் பணியில் சேர்ந்தால் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. வசூல் மிகக் குறைவாக இருந்ததால் பின்னர் அது கைவிடப்பட்டது. 2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. நான்கு இலட்சம் வரை பிணையம் வேண்டாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை.

அத்தவணையில்லாக் காலத்தில் நிகழ்வதை மாணவர் பலர் கவனிப்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் இலட்சமாக நான்கு ஆண்டுகள் பெற்றால், 12 விழுக்காட்டுத் தனிவட்டியில் நான்காம் ஆண்டு முடிவில் வட்டி 1,20,000 ரூபாய். மேலும் ஓராண்டுக்கு 48,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,68,000 ரூபாய். பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்திற்குள் இருந்தால் இந்த வட்டியை நடுவண் அரசே ஏற்கும் என்ற திட்டம் 2009 முதல் உண்டு. ஆனால் அது தொழில்நுட்ப, தொழிற்படிப்பு மாணவர்க்கு உரியது. மொழியும் வரலாறும் படிக்கும் நம் போன்றோர் அதன் வெளியே நிற்கிறோம்.

2007–08 முதல் ஆந்திரத்தில் கட்டணத் திருப்பீட்டுத் திட்டம் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பல்லாயிரவரை உருவாக்கியது. அதன் நன்மையை மறுப்பது நன்றிகேடு. ஆனால் அது ‘திருப்பீடு’. பாடம் முதலில் நடக்கும். பணம் பின்னர் வரும். இடைப்பட்ட மாதங்களில் கல்லூரி மாணவரைப் பார்க்கும். மாணவர் பெற்றோரைப் பார்ப்பார். பெற்றோர் வட்டிக்காரரைப் பார்ப்பார். ஆய்வு மாணவர் நிலையும் இதுவே. தகுதித்தேர்வு இல்லாத ஆய்வாளர்க்கு மாதம் 8,000 ரூபாய் தரும் மானியக் குழு உதவி நடுவண் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியது. மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் அதைப் பெறுவதில்லை. தகுதித்தேர்வில் தேறியவர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்றாலும், அது மாதந்தோறும் தவறாமல் வருகிறது என்று சொல்லும் ஆய்வாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இங்கேதான் என் முதன்மைக் கருத்து அமைகிறது. உதவித்தொகை ஆறு மாதம் தாழ்ந்தால், அந்த ஆறு மாதமும் கொடுக்க வேண்டியவரே கடனாளி. ஆனால் அந்தக் கடனுக்கான வட்டியைக் கட்டுபவர் மாணவர். 10,000 ரூபாய் உதவித்தொகைக்காகக் காத்திருந்து மூன்று ரூபாய் வட்டிக்கு அதே தொகையை வெளியில் வாங்கினால் ஆறு மாதத்தில் 1,800 ரூபாய் போகிறது. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் பதிவாகாத செலவு இது.

6. தனியே நிற்கும் கடனாளி

2016இல் பெருமதிப்புத் தாள்கள் செல்லாதவையானபோது, அவ்வாண்டு டிசம்பரில் ‘வித்திய சாட்சரதா அபியான்’ என்ற நிதி எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. மாணவர்கள் கடைவீதிகளுக்குச் சென்று மின்னணுப் பணப்பரிமாற்றம் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று நிதி எழுத்தறிவின் ஆசிரியராக நின்றவர் மாணவர். நான்கே ஆண்டுகளில், 2020 டிசம்பரில், கடன் செயலிகளின் மிரட்டலால் நேர்ந்த தற்கொலைகளை ஒட்டித் தெலங்கானக் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. அதே கைப்பேசியே கடனைக் கொண்டுவந்தது, மிரட்டலையும் கொண்டுவந்தது.

அச்செயலிகள் கைப்பேசியின் தொடர்பு எண்களை எடுத்துக்கொண்டு உறவினர்க்கும் நண்பர்க்கும் இழிவான செய்தி அனுப்பின. வரலாற்று நோக்கில் இது எண்ணத்தக்கது. குழுவில் பத்துப் பேர் அறிந்திருப்பார்கள். முடியாதபோது பத்துப் பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தவணையை அடைப்பார்கள். செயலி குழுவின் உதவியைக் கைவிட்டு, அதன் நாணத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் மின்னணுக் கடன் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. தொடர்பு எண்களைச் செயலி தொடக் கூடாது; எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தை உண்மைத் தகவல் அறிக்கையில் முன்னரே காட்ட வேண்டும். 2024 அக்டோபர் முதல் சில்லறைத் தவணைக் கடன் அனைத்திற்கும் இவ்வறிக்கை கட்டாயம். ஒழுங்குமுறைக்கு வெளியே இயங்கும் செயலிகள் இவற்றை மதிப்பதில்லை. என் நண்பரைப் பிடித்தது அத்தகைய ஒன்று. உரிய அறிக்கை கிடைத்தாலும் அது ஆண்டு விழுக்காட்டில் பேசும். நம் வீடுகள் மாத ரூபாயில் பேசுகின்றன. 12 விழுக்காடு என்பது ஒரு ரூபாய் வட்டி, 36 விழுக்காடு என்பது மூன்று ரூபாய் வட்டி என்ற எளிய பெயர்ப்பு எந்தப் பாடநூலிலும் என் கண்ணில் பட்டதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் துறைகள் இதையாவது செய்யலாம்.

7. பேழைக்குத் திரும்புதல்

எனவே என் முன்மொழிவுகள் எளியவை. முதலாவது, துறைதோறும் ஒரு பேழை. ஆசிரியரும் மாணவரும் மாதம் ஒரு சிறு தொகை இட்டு, உதவித்தொகை தாழும் காலத்தில் வட்டியின்றிக் கைமாற்றுத் தரும் சுழல்நிதி. கணக்கை மாணவரே எழுத வேண்டும். பெற்றவர் பெயரைச் சுவரில் ஒட்டக் கூடாது. இரண்டாவது, நிதி எழுத்தறிவு வகுப்பின் முதல் பயிற்சியாக ஒவ்வொரு மாணவரும் தமக்கு வர வேண்டிய உதவித்தொகையின் தாமதத்தை நாள்கணக்கில் எழுதி, அதற்கான வட்டியைக் கணக்கிடட்டும். பிறகு சேமிப்பைப் பற்றிப் பேசலாம்.

மூன்றாவது ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய சீட்டுக் குறிப்பேடு, சஞ்சாயிகாக் கணக்குப் புத்தகம், டுவாக்ரா பேரேடு ஏதேனும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெயர்களை மறைத்துப் படமெடுத்து வையுங்கள். மன்னர்களின் கொடைக்குக் கல்வெட்டு இருக்கிறது. நம் பெற்றோர் நம்மைப் படிக்கவைத்த கணக்குக்கு இந்தத் தாள்கள் மட்டுமே சான்று.

நண்பரின் கடனை ஏழாம் நாளுக்குள் அறையில் இருந்த மூவரும் சேர்ந்து அடைத்தோம். அவர் மாதம் 500 ரூபாய் தருகிறார். கதவின் பின்புறம் தொங்கும் சிறு குறிப்பேட்டில் அதைத் தெலுங்கில் எழுதுகிறார். நான் தமிழில் கையொப்பமிடுகிறேன். இரண்டு தவணை வந்துவிட்டது. உதவித்தொகை இன்னும் வரவில்லை.

பிழைகள் இருப்பின் சுட்டிக்காட்டுக. உங்கள் ஊரில் மாணவர்க்கென நடந்த சேமிப்பு முறைகளைப் பின்னூட்டத்தில் எழுதினால் ஆய்வுக்குப் பேருதவியாக இருக்கும்.